சொல்வதும் மறைகாப்பதும்: உயர்கல்வியில் ஊனமுற்ற மாணவரும் ஆயரின் பொறுப்பும்

ஓசூர்ப் பகுதித் திருச்சபைகளில் பணியாற்றும் ஆயர்கள் நன்கறிந்த காட்சி ஒன்றுண்டு. சிப்காட் தொழிற்சாலைகளில் உழைக்கும் பெற்றோர் தம் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்புகின்றனர். சிலர் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கல்லூரிகளில் பயில்கின்றனர். வேறு சிலர் அத்திப்பள்ளியைக் கடந்து பெங்களூருக்குச் செல்கின்றனர். நற்சான்று பெறுவதற்காக ஆயரிடம் வரும் மாணவி ஒருத்தி, தான் மனநோய்க்கு மருந்து உட்கொண்டு வருவதைத் தயக்கத்துடன் கூறி, “இதைக் கல்லூரியில் சொல்ல வேண்டுமா, ஐயா?” என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். இக்கேள்விக்கு அவசரமாக விடையளிப்பது தகாது. சட்டம் யாது, ஆபத்து யாது, நம் கடமை யாது என்பவற்றை முறையாக ஆராய்தல் வேண்டும்.

1. சட்டம் தரும் உரிமை

1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகை ஊனங்களையே ஏற்றுக்கொண்டது. 2016இல் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவற்றை 21 ஆக விரித்தது. கண்ணுக்குப் புலப்படாத பல குறைகளும் இப்பட்டியலில் இடம்பெறுகின்றன. மனநோய், கற்றல் குறைபாடு, இரத்தம் உறையாமை ஆகியன இவற்றுட் சில. அரசு உயர்கல்வி நிறுவனங்களும் அரசு உதவி பெறுவனவும் 40 விழுக்காட்டிற்குக் குறையாத ஊனமுடையோர்க்கு 5 விழுக்காட்டிற்குக் குறையாமல் இடம் ஒதுக்க வேண்டும். வயது வரம்பில் ஐந்தாண்டுச் சலுகையும் உண்டு. சொல்வதை எழுதுபவரின் உதவிக்குத் தகுதியுடையோர்க்குத் தேர்வில் மணிக்கு 20 நிமிடத்திற்குக் குறையாத கூடுதல் நேரம் அளிக்கப்பட வேண்டும் என்று 2018ஆம் ஆண்டின் மத்திய அரசு நெறிமுறைகள் கூறின. கிருஷ்ணகிரியில் பெற்ற ஊனச் சான்றிதழ் கர்நாடகத்திலும் செல்லும். ஏனெனில் அது நாடு முழுவதற்கும் உரியது. எல்லைப்புற மாணவர்க்கு இது முக்கியமான செய்தி.

நாற்பது விழுக்காட்டை எட்டாதவரும் கைவிடப்படவில்லை. எழுதும்போது கை இறுகிப்போகும் குறையுடைய விகாஷ் குமார் என்பவர் தொடுத்த வழக்கில், அந்த அளவை எட்டவில்லை என்ற காரணத்தால் மட்டும் ஒருவருக்கு எழுதுபவரின் உதவியை மறுத்தலாகாது என 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2. தயக்கத்தின் காரணம்

இவ்வுரிமைகளுள் எதையும் பெற வேண்டுமாயின், மாணவர் தம் நிலையை யாரேனும் ஒருவரிடம் அறிவித்தே ஆகவேண்டும். சொல்லாதவர் உதவி பெறுவதில்லை. சொன்னவரோ பிறர் வாய்க்கு அஞ்சி வாழ நேரிடுகிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வழங்கும் இத்தொழில் நகர்க் குடியிருப்புகளில், ஒரு வீட்டுச் செய்தி அடுத்த ஷிப்டு முடிவதற்குள் தொழிற்சாலை வாயிலை எட்டிவிடும். நாளைய வேலை, தன் திருமணம், தங்கையின் திருமணம் ஆகிய அனைத்தையும் எண்ணியே அம்மாணவி தயங்குகிறாள். இத்தயக்கத்தை விசுவாசக் குறைவு என்றோ நேர்மையின்மை என்றோ தீர்ப்பிடுதல் முறையன்று.

3. மறைகாத்தல் என்பது யாது?

மறைகாத்தல் வேறு, ஏமாற்றுதல் வேறு. தன்னைப் பற்றிய செய்தி யாரிடம், எவ்வளவு, எதற்காகச் செல்ல வேண்டும் என்பதை அதற்குரியவரே முடிவு செய்வதே மறைகாத்தல். இந்தியா 2007இல் உறுதி செய்த ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 22ஆம் பிரிவு, ஊனமுற்றோரின் உடல்நலச் செய்திகளை ஏனையோருடையதற்குச் சமமாகக் காக்கும்படி அரசுகளைக் கடமைப்படுத்துகிறது. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என 2017இல் உச்ச நீதிமன்றம் அறிவித்தது. அதே ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டமும் சிகிச்சை பற்றிய செய்திகளை மறைவாய்க் காக்கும்படி பணிக்கிறது. உயிருக்கு ஆபத்து நேரும்போது போன்ற சில விதிவிலக்குகளையும் அது வகுத்துள்ளது.

நடைமுறையில் இதனை எளிதாக விளக்கலாம். தேர்வுப் பிரிவு அலுவலர் சான்றிதழைப் பார்க்க வேண்டும். வகுப்பு ஆசிரியர்க்கோ இம்மாணவிக்குக் கூடுதல் நேரம் உண்டு என்பது மட்டும் தெரிந்தாற் போதும்; நோயின் பெயர் தேவையில்லை. விடுதிக் காப்பாளர் அவசர வேளையில் செய்ய வேண்டியதை அறிந்திருத்தல் போதுமானது. பெயரோடு ஊனத்தையும் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டும் வழக்கம் எவ்விதத்திலும் நியாயமன்று.

4. ஆயரின் பங்கு

நாம் அறியாமலே இத்தவற்றைச் செய்பவர்களாய் இருக்கிறோம். ஆராதனையில் பெயரும் நோயும் கூறி ஏறெடுக்கும் ஜெபம், அன்பினால் எழுவதாயினும், ஒருவரின் மறைவைச் சபை முழுவதற்கும் திறந்துவிடுகிறது. நற்சான்றிதழில் பரிவுடன் எழுதும் ஒரு வரியும் அவ்வாறே. ஆகவே அனுமதி கேட்டபின்னரே சொல்லுதல் வேண்டும். எதையும் எவரிடமும் கூறமாட்டேன் என்று முன்கூட்டியே வாக்களித்தலும் தவறு. உயிருக்கு ஆபத்தெனில் உதவியை நாடுவேன் என்பதைத் தொடக்கத்திலேயே தெளிவாக்கிவிட வேண்டும்.

மாற்கு நற்செய்தி ஏழாம் அதிகாரத்தில், செவிடனும் திக்குவாயனுமான மனிதனை நம் ஆண்டவர் கூட்டத்தைவிட்டுத் தனியே அழைத்துச் செல்கிறார். பத்தாம் அதிகாரத்தில் பர்த்திமேயுவின் குருட்டுத்தன்மை யாவருக்கும் தெரிந்திருந்தும், அவன் விரும்புவது யாதென அவனிடமே கேட்கிறார். தனிமையைக் காப்பதும் விருப்பத்தைக் கேட்பதும் குருத்துவப் பணியின் இரு கடமைகள் என இப்பகுதிகளிலிருந்து நாம் கற்கலாம்.

ஆதலால் அம்மாணவியிடம், “சொல்” என்றோ “சொல்லாதே” என்றோ நாம் கட்டளையிட வேண்டியதில்லை. அவளுக்குத் தேவையான உதவி யாது, அதற்காக யாரிடம் எவ்வளவு சொன்னாற் போதும், அவர் அதை எங்ஙனம் காப்பார் என்பவற்றை அவளுடன் அமர்ந்து எண்ணிப் பார்ப்போம். முடிவு அவளுடையதாகட்டும்.

இறுதியாக ஒன்று. இறையியல் கல்லூரிகளாகிய நாமும் சேர்க்கையின்போது மருத்துவச் சான்று கேட்கிறோம். அத்தாள் எவர் கையில் உள்ளது? ஊழியத்திற்குத் தம்மை ஒப்புக்கொடுக்கும் இளைஞர் ஒருவர் தம் குறையை அச்சமின்றி நம்மிடம் கூற இயலுமா? பல்கலைக்கழகங்களைக் குறைகூறுமுன் இவ்வினாக்களுக்கு நாம் விடையளிக்கக் கடமைப்பட்டுள்ளோம்.