பேரை மாத்தினா ஆள் மாறுமா?



ஒரு தப்பை ஒப்புக்கொண்டு இந்தக் கட்டுரையை ஆரம்பிக்கிறேன். இரண்டாம் வருஷம் படிக்கும்போது லேப் கம்ப்யூட்டர் ஒன்றில் ஆட்டோகேட் பழைய வெர்ஷனும் புது வெர்ஷனும் சேர்ந்தே இருந்தன. யாரோ ஒருவன் விளையாட்டாக அந்த இரண்டு ஐகான்களின் பெயரை மாற்றிப் போட்டான். மறுநாள் மாடல் பிராக்டிகல். தமிழ் மீடியத்தில் இருந்து வந்த முதலாமாண்டு தங்கச்சி ஒருத்தி, 'பழைய வெர்ஷனைத் திற' என்று சார் சொன்னபடி பெயரைப் பார்த்துத் திறந்து, கஷ்டப்பட்டு வரைந்து சேவ் செய்தாள். பிரின்ட் எடுக்கும் கம்ப்யூட்டரில் பழைய வெர்ஷன்தான் இருந்தது. புதியதில் சேவ் ஆன ஃபைலைப் பழையது திறக்கவில்லை. "நான் சரியாத்தான் சார் திறந்தேன்" என்று அவள் அழுதது இன்னும் காதில் இருக்கிறது. சார் வந்து 'சேவ் ஆஸ்' போட்டு பழைய வெர்ஷனுக்கு மாற்றிக் கொடுத்த பிறகுதான் பிரச்சினை தீர்ந்தது. அதுவரை அவளை யாரும் நம்பவில்லை.

அந்த 'யாரோ ஒருவன்' வேறு யாருமில்லை. நான்தான்!

ஐகானையும் அதன் பெயரையும் மாற்றுவது தப்பா? இல்லவே இல்லை. அது அருமையான வசதி. ஆனால் எங்கே மாற்றலாம், எங்கே கை வைக்கக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும். அதைப் பார்ப்போமா?

சிப்காட் வாசல் போர்டு

ஸ்ரீபெரும்புதூரில் இருந்து ஒரகடம் வரை பஸ்ஸில் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் கம்பெனிப் பெயரும் அம்புக்குறியும் போட்ட போர்டுகள் நிற்கும். போர்டு ஃபேக்டரி ஆகுமா? ஆகாது. அது வழி காட்டும், அவ்வளவுதான்.

டெஸ்க்டாப்பில் நாம் பார்க்கிற ஐகான்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட போர்டுகளே. இவற்றுக்கு 'ஷார்ட்கட்' என்று பெயர். ஐகானின் இடது மூலையில் ஒரு குட்டி அம்புக்குறி இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? அதுதான் அடையாளம். நிஜமான ப்ரோகிராம் 'சி' டிரைவுக்குள் எங்கோ ஒரு ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கிறது. ஷார்ட்கட் என்பது ஒரு சின்ன ஃபைல். ப்ரோகிராம் எந்த இடத்தில் இருக்கிறது, எந்தப் படத்தைக் காட்ட வேண்டும் என்கிற விலாசங்கள் அதற்குள் எழுதப்பட்டிருக்கும்.

போர்டுக்கு வேறு பெயின்ட் அடித்தால் ஃபேக்டரிக்கு ஒன்றும் ஆகாது. அதேபோல ஷார்ட்கட்டின் பெயரை மாற்றினாலும், படத்தை மாற்றினாலும், ஏன், அதை அழித்தே விட்டாலும் ப்ரோகிராம் பத்திரமாக இருக்கும்.

இன்னொரு விஷயம். நம் ஊரில் 2006 முதல் 2014 வரை நோக்கியா செல்போன் தயாரித்த வளாகத்துக்குப் பிறகு சால்காம்ப் வந்தது. பழைய நினைப்பில் நோக்கியாவைத் தேடிப் போனால் கிடைக்காது. ஷார்ட்கட்டும் அப்படித்தான். ப்ரோகிராமை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டால், சில சமயம் போர்டு மட்டும் சும்மா நிற்கும். க்ளிக் செய்தால் 'காணோம்' என்று பதில் வரும்.

1024 கட்டங்கள்

இந்தக் குட்டிப் படங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1981-ல் வந்த ஜெராக்ஸ் ஸ்டார் கம்ப்யூட்டரில் காகிதம், ஃபோல்டர் போன்ற ஆபீஸ் பொருள்களே படங்களாகத் திரையில் வந்தன. 1984-ல் ஆப்பிள் மெக்கின்டாஷ் வந்தது. அதற்கு ஐகான் வரைந்தவர் சூசன் கேர் என்ற பெண்மணி. அவர் முதலில் கட்டம் போட்ட நோட்டில்தான் வரைந்தார். 32-க்கு 32 கட்டம், மொத்தம் 1024. ஒவ்வொரு கட்டமும் ஒன்று கறுப்பு, இல்லையென்றால் வெள்ளை. அவ்வளவு குறைந்த இடத்தில் குப்பைத்தொட்டியைப் பார்த்தவுடன் குப்பைத்தொட்டி என்று தெரிய வைத்தார்! கிராஃப் ஷீட்டில் பென்சில் தேய்க்கும் நமக்கு அதன் அருமை புரியும்.

பெயர் விஷயத்திலும் அந்தக் காலத்தில் ஏகப்பட்ட கெடுபிடி. டாஸ் காலத்தில் ஃபைல் பெயருக்கு எட்டு எழுத்து, புள்ளி வைத்து மூன்று எழுத்து, அத்தோடு சரி. 1995-ல் விண்டோஸ் 95 வந்த பிறகுதான் 255 எழுத்து வரை தாராளமாகப் பெயர் வைக்க முடிந்தது. ஷார்ட்கட்டும் அதோடுதான் வந்தது.

மாற்றுவது எப்படி?

சரி, செய்முறைக்கு வருவோம். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் இது பொருந்தும்.

1. பெயர்: அம்புக்குறி உள்ள ஐகானை ஒரு தடவை க்ளிக் செய்து எஃப் 2 அழுத்துங்கள். புதுப் பெயரை டைப் செய்து என்டர் தட்டுங்கள். \ / : * ? " < > | என்ற ஒன்பது குறிகளை மட்டும் விண்டோஸ் ஏற்காது.

2. படம்: ஐகானைத் தேர்ந்தெடுத்து ஆல்ட்டையும் என்டரையும் சேர்த்து அழுத்தினால் 'ப்ராப்பர்ட்டீஸ்' திறக்கும். அதில் ஷார்ட்கட் பக்கத்தில் 'சேஞ்ச் ஐகான்' என்ற பட்டன் இருக்கும். விண்டோஸ் தனக்கென்று வைத்திருக்கும் ஷெல்32 என்ற ஃபைலுக்குள் ஏராளமான படங்கள் உண்டு. பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம்.

3. சொந்தப் படம்: நீங்களே வரைந்ததை வைக்க, அது 'ஐகோ' வகை ஃபைலாக இருக்க வேண்டும். பெயரின் வாலில் 'ஐகோ' என்று திருத்தி எழுதுவதால் படத்தின் வகை மாறாது. 'ஜிம்ப்' என்ற இலவச சாஃப்ட்வேரில் திறந்து, 'ஐகோ'வாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். ஒரே ஐகோவுக்குள் 16, 32, 48, 256 புள்ளி என்று பல அளவுகளை வைக்கலாம். சின்ன அளவிலும் புரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

4. ஃபோல்டருக்கு: ப்ராப்பர்ட்டீஸில் 'கஸ்டமைஸ்' பக்கம் போனால் அங்கேயும் 'சேஞ்ச் ஐகான்' உண்டு.

இரண்டு எச்சரிக்கை. படத்தைப் பென்டிரைவில் வைத்துக்கொண்டு ஐகானாக்காதீர்கள். ஷார்ட்கட்டில் இருப்பது படத்தின் விலாசம் மட்டுமே. பென்டிரைவைப் பிடுங்கினால் முகம் வெள்ளையாகிவிடும்! இரண்டாவது, 'ப்ரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள் போய் ஒரிஜினல் ப்ரோகிராமின் பெயரை மாற்றாதீர்கள். அது ஃபேக்டரியையே பெயர்த்து வைப்பது மாதிரி. இருக்கிற போர்டெல்லாம் பொய்யாகிவிடும்.

செல்போனிலும் இதே தத்துவம்தான். சுங்குவார்சத்திரம் பக்கம் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் தயாராகிறதே, அந்த ஐபோனுக்கு 2020 செப்டம்பரில் ஐ.ஓ.எஸ். 14 வந்தபோது இளைஞர்கள் தங்கள் இஷ்டத்துக்கு ஐகான் மாற்ற ஆரம்பித்தார்கள். 'ஷார்ட்கட்ஸ்' என்ற ஆப் மூலம் புதுப் படம், புதுப் பெயரோடு ஒரு போர்டு நட்டார்கள். அசல் ஆப் உள்ளே அப்படியே இருந்தது.

தமிழில் பேர் வைக்கலாமா?

தாராளமாக! ஒரு காலத்தில் தமிழ் ஃபான்ட் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறியீட்டில் இருந்தது. நம் கம்ப்யூட்டரில் தமிழாகத் தெரிந்தது அடுத்தவர் கம்ப்யூட்டரில் புரியாத கிறுக்கலாகத் தெரியும். உலகப் பொதுவான யூனிகோடில் 1991-ல் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. 2010-ல் தமிழக அரசும் அதை ஏற்றது. யூனிகோடில் வைத்த பெயர் இன்றைய கம்ப்யூட்டர் எதிலும் தமிழாகவே தெரியும். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி வந்த 'தமிழ்99' விசைப்பலகை இப்போது விண்டோஸிலேயே இருக்கிறது.

2011-ல் தமிழக அரசு விலையில்லா லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தபோது, விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் அதில் வந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. அந்த லேப்டாப் இன்னும் பல வீடுகளில் பரண்மேல் தூங்கிக்கொண்டிருக்கும். லினக்ஸில் உள்ள முறை இன்னும் அழகு. ஒவ்வொரு ஐகானுக்கும் 'டெஸ்க்டாப்' என்ற வால் கொண்ட ஒரு எழுத்து ஃபைல் உண்டு. நோட்பேட் மாதிரி எதிலும் திறந்து படிக்கலாம். பெயருக்கு ஒரு வரி, படத்துக்கு ஒரு வரி, ஓட்ட வேண்டிய ப்ரோகிராமுக்கு ஒரு வரி. தமிழ்ப் பெயருக்கென்று தனி வரியே சேர்க்கலாம். கம்ப்யூட்டரின் மொழி தமிழாக இருந்தால் தமிழ்ப் பெயர் தெரியும், ஆங்கிலமாக இருந்தால் ஆங்கிலப் பெயர் தெரியும். ஒரே போர்டில் இரண்டு மொழி!

வெளுத்ததெல்லாம் பாலா?

இதுவரை சொன்னதை இப்போது திருப்பிப் போட்டு யோசியுங்கள். நாம் இவ்வளவு சுலபமாக முகத்தையும் பெயரையும் மாற்ற முடிகிறதென்றால், கெட்டவனும் மாற்றலாம் அல்லவா?

2000 மே மாதம் 'ஐ லவ் யூ' என்ற தலைப்போடு ஒரு மெயில் உலகம் முழுக்கப் பறந்தது. கூடவே ஒரு ஃபைல். பெயரின் கடைசியில் 'டி.எக்ஸ்.டி.' என்று இருந்ததால் வெறும் கடிதம் என்று நினைத்துத் திறந்தார்கள். உண்மையில் அதற்குப் பின்னால் 'வி.பி.எஸ்.' என்று இன்னொரு வால் இருந்தது. அது ப்ரோகிராமின் வால். தெரிந்த வகை ஃபைல்களின் வாலை விண்டோஸ் வழக்கமாக மறைத்துவிடும் என்பதால் அது கண்ணில் படவில்லை. காதல் கடிதத்தைத் திறந்தவர்களின் ஃபைல்கள் நாசமாயின.

2010-ல் வெளிச்சத்துக்கு வந்த 'ஸ்டக்ஸ்நெட்' இன்னும் பயங்கரம். அதில் ஐகானை க்ளிக் செய்யவே வேண்டாம்! பென்டிரைவைத் திறந்ததும் ஷார்ட்கட்டின் படத்தைக் காட்டுவதற்காக விண்டோஸ் ஒரு ஃபைலைப் படிக்கும். அந்த இடத்தில் இருந்த ஓட்டை வழியாகவே வைரஸ் உள்ளே போனது. அதன் குறி எது தெரியுமா? நாம் லேபில் படிக்கிறோமே, அதே சீமென்ஸ் எஸ்7 பி.எல்.சி.! ஈரானின் நட்டான்ஸில் யுரேனியம் செறிவூட்டும் இயந்திரங்களின் வேகத்தை அது மாற்றிவிட்டு, கண்காணிப்புத் திரையில் எல்லாம் சரியாக ஓடுவதாகவே காட்டியது. அந்த வைரஸ் பரவிய நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 2010 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் ஓட்டையை அடைத்தது.

ஆகவே இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ' பக்கம் போய் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள். மறைந்திருக்கும் வால்கள் வெளியே வரும். இன்வாய்ஸ், ஹால் டிக்கெட் என்று வருகிற ஃபைலுக்கு 'ஈ.எக்ஸ்.ஈ.' என்று வால் இருந்தால், எவ்வளவு அழகான முகமாக இருந்தாலும் தொடாதீர்கள். ஷார்ட்கட்டின் வால் மட்டும் அப்போதும் தெரியாது. அதற்குத்தான் அந்த அம்புக்குறி. மெயிலில் வந்த ஃபைலில் அம்புக்குறி இருந்தால் உஷார்!

கை வைக்கக் கூடாத இடம்

நாளைக்கு நாம் அப்ரென்டிஸாகப் போகப் போகிற இடத்தை நினைத்துப் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் கார் தயாரிக்க ஆரம்பித்த ஹூண்டாய் கொரியா கம்பெனி. ஒரகடத்தில் 2010-ல் திறந்த ரெனோ நிசான் ஆலை பிரான்ஸும் ஜப்பானும் சேர்ந்து கட்டியது. 2012-ல் அங்கேயே வந்த டெய்ம்லர் ஜெர்மனி. இத்தனை நாட்டு மெஷின்களுக்கு நடுவே நம் ஊர்ப் பிள்ளைகள் எப்படி வேலை செய்கிறார்கள்? சின்னங்கள் பொதுவாக இருப்பதால்! நேர்கோடு என்றால் ஆன், வட்டம் என்றால் ஆஃப். ஐ.இ.சி. 60417 என்ற சர்வதேசத் தரத்தில் வகுத்தது. மஞ்சள் முக்கோணத்துக்குள் மின்னல் போட்டிருந்தால் கரன்ட் அபாயம். இது எந்த மொழிக்காரனுக்கும் புரியும்.

அங்கே போய் 'எனக்குப் பிடிச்ச படம்' என்று மாற்ற முடியுமா? அடுத்த ஷிஃப்டில் வருபவனின் விரல் போகும், உயிரே போகலாம்.

பெயரும் அப்படியே. பல ஃபானுக் சி.என்.சி. மெஷின்களில் ப்ரோகிராமுக்குப் பெயர் 'ஓ' என்ற எழுத்தும் நான்கு இலக்கமும்தான். எண்ணை வைத்து எந்த ஜாப் என்று யாருக்கும் தெரியாது. அதனால் எண்ணை ஒட்டி அடைப்புக்குறிக்குள் ஜாப் பெயரை எழுதி வைப்பார்கள். அந்தக் குறிப்பை மெஷின் கண்டுகொள்ளாது. அது முழுக்க முழுக்க அடுத்த ஷிஃப்ட் ஆளுக்காக எழுதுவது. நல்ல பெயர் என்பது அதுதான், நண்பர்களே.

என் கணக்கு இதுதான். நான் மட்டும் புழங்குகிற கம்ப்யூட்டரா? என் இஷ்டம். பலர் புழங்குகிறதா? எல்லோருக்கும் தெரிந்த பெயர், எல்லோருக்கும் தெரிந்த முகம். லேப் கம்ப்யூட்டரில் நான் செய்தது அதனால்தான் விளையாட்டு ஆகாது.

கடைசியாக...

அந்தத் தங்கச்சியிடம் பிறகு மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லண்ணா, இனிமே பேரை மட்டும் பாக்க மாட்டேன், ப்ராப்பர்ட்டீஸ் பாப்பேன்" என்றாள். எனக்கு அது நல்ல பாடம்.

அந்த வாரமே ஊருக்குப் போனபோது பரணிலிருந்த பழைய லேப்டாப்பை இறக்கினேன். அம்மா மகளிர் சுயஉதவிக் குழுவில் கணக்கு எழுதுகிறார். கம்ப்யூட்டர் என்றாலே, "எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு, நீயே பாருப்பா" என்று ஒதுங்கிவிடுவார். கணக்கு ஷீட்டுக்கு ஒரு ஷார்ட்கட் போட்டேன். உண்டியல் படம் ஒன்றை வரைந்து வைத்தேன். 'குழு கணக்கு' என்று தமிழில் பெயர் கொடுத்தேன். ப்ரோகிராம் அதேதான், ஒரு துளியும் மாறவில்லை. ஆனால் அம்மா மௌஸைக் கையில் எடுத்தார்.

பேரை மாத்தினா ஆள் மாறுமா? கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ஆள் மாறமாட்டான். எதிரே உட்காருகிற ஆள் மாறலாம். நல்லபடியாக மாறுவதற்கு மட்டும் பெயர் வைப்போம்!

— இறுதியாண்டு மாணவன், மெக்கானிக்கல் பிரிவு