உங்கள் மண் எந்த போல்டரில் இருக்கிறது?

"மாமா, கம்ப்யூட்டர்ல பார்த்தா மண்ணு கூடத் தெரியுமாமே? நம்ம நிலத்துல எலுமிச்சை வருமான்னு பாருங்களேன்" என்று கேட்டார் என் மைத்துனர். பாகூர் பக்கம் அவருக்கு ஒரு ஏக்கர் நிலம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இன்டர்நெட்டில் மண் வரைபடத்தைத் திறந்து, அவர் ஊரின் மீது ஜூம் செய்து, "களி குறைவு, தண்ணீர் நிற்காது, தைரியமாக வையுங்கள்" என்றேன். நாற்பது கன்றுகள் வாங்கி நட்டார். அடுத்த மழைக் காலத்தில் பாதிக்கு மேல் மஞ்சளாகிக் கருகின. தவறு எங்கே நடந்தது? அதைத் தெரிந்து கொள்ள மண் வரைபடம் எப்படித் தயாராகிறது என்று பார்ப்போம்.

மண்ணுக்கும் டைரக்டரி உண்டு

கம்ப்யூட்டரில் பைல்களை போல்டர், அதனுள் போல்டர் என்று அடுக்குகிறோம் அல்லவா? அமெரிக்க மண் வகைப்பாடும் அப்படித்தான். 1975ல் முழு நூலாக வெளியான இந்த முறையில் ஆறு நிலைகள். உச்சியில் 12 பெரும் பிரிவுகள். கடைசி நிலை, ஓர் ஊரின் பெயரைத் தாங்கிய மண் தொடர். நம் நாட்டிலும் இந்த முறையே பெரிதும் பயன்படுகிறது.

தமிழகச் செம்மண்ணில் ஒரு வகைக்கு "டிபிக் ஹாப்லஸ்டால்ப்" என்று பெயர். இதைப் பின்னாலிருந்து படிக்க வேண்டும். "ஆல்ப்" என்றால் கீழ் அடுக்கில் களி சேர்ந்த ஆல்பிசால் பிரிவு. "உஸ்ட்" என்றால் ஆண்டில் சில மாதங்கள் காயும் மண். "ஹாப்ல்" என்றால் சிக்கல் இல்லாத சாதாரண அமைப்பு. பெயரே பைலின் முழு பாத் போல இருக்கிறது!

வகையைக் கண்டுபிடிக்க ஆள் இறங்கும் அளவுக்குக் குழி வெட்டி, அடுக்கு அடுக்காகப் பார்க்கிறார்கள். ஈர மண்ணை விரல்களுக்கு இடையே ரிப்பன் போல் நசுக்கினால் களி எவ்வளவு என்று தெரியும். நிறத்துக்கு மன்செல் அட்டை. மானிட்டரில் ஒரு நிறத்தை மூன்று எண்களால் சொல்வது போல, இதிலும் சாயல், வெளிச்சம், அடர்த்தி என்று மூன்று மதிப்புகள்.

குழியிலிருந்து மேப்புக்கு

எல்லா இடத்திலும் குழி வெட்ட முடியாதே? மண்ணை உருவாக்குவது தட்பவெப்பம், உயிரினங்கள், நிலத்தின் ஏற்ற இறக்கம், தாய்ப்பாறை, காலம் ஆகிய ஐந்தும்தான். இவற்றை வைத்து இடைப்பட்ட இடங்களைக் கணிக்கிறார்கள். நம் புதுச்சேரியே நல்ல உதாரணம். கடற்கரையில் மணல், வடமேற்கே கோரிமேடு, லாஸ்பேட்டை மேட்டில் செம்மண், தெற்கே பாகூர் பக்கம் ஆற்று வண்டல். சில கிலோமீட்டருக்குள் மூன்று உலகங்கள்.

இந்த வேலைக்கு நம் ஊரில் பழைய தொடர்பும் உண்டு. 1955ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தென்னிந்தியத் தாவர வரைபடங்களை 1:10,00,000 அளவில் வெளியிட்டது. கன்னியாகுமரித் தாள் வந்தது 1961ல். மேற்குக் கர்நாடகம், கோவா காட்டுப் பகுதிகளின் மண் வரைபடத்துக்கான விளக்க நூல் 1989ல் வந்தது. நாக்பூரில் உள்ள தேசிய மண் ஆய்வு அமைப்பு மாநில வரைபடங்களை 1:2,50,000 அளவில் தயாரித்தது. அதில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 250 மீட்டர்.

இலவசமாகப் பார்க்க

நெதர்லாந்தின் ஐஎஸ்ஆர்ஐசி நிறுவனம் நடத்தும் சாயில்கிரிட்ஸ் தளத்தில் உலகம் முழுவதற்கும் மண் விவரங்கள் கிடைக்கின்றன. சுமார் 2,40,000 இடங்களின் மாதிரிகளை வைத்துக் கம்ப்யூட்டர் கணித்தவை இவை.

1. களி, மணல், பிஎச் என்று தேவையான பண்பைத் தேர்ந்தெடுக்கவும்.
2. ஆழத்தைத் தேர்ந்தெடுக்கவும். 0-5 செ.மீ. முதல் 100-200 செ.மீ. வரை ஆறு அடுக்குகள் உண்டு.
3. கணிப்பில் எவ்வளவு சந்தேகம் என்று காட்டும் லேயரையும் அவசியம் பார்க்கவும்.

நான் சறுக்கியது இரண்டாவது, மூன்றாவது படிகளில்தான். மேல் அடுக்கை மட்டும் பார்த்து விட்டு முடிவு சொன்னேன். மேலும் இந்த வரைபடத்தில் ஒரு கட்டம் 250 மீட்டருக்கு 250 மீட்டர். அதாவது 15 ஏக்கருக்கும் அதிகம். மைத்துனரின் ஒரு ஏக்கர் அதில் ஒரு மூலை! பிறகு கடப்பாரை எடுத்துத் தோண்டிப் பார்த்தோம். இரண்டரை அடி வரை மணல் கலந்த வண்டல். அதற்குக் கீழே கெட்டியான களி. மழைத் தண்ணீர் அதன் மேல் தேங்கி வேரை அழுக வைத்து விட்டது. ஆற்று வண்டல் நிலத்தில் இப்படி அடுக்கு மாறுவது சகஜம். தவறு தளத்தின் மீது இல்லை. அதைப் படித்த என் மீதுதான்.

2015ல் தொடங்கிய மண் வள அட்டைத் திட்டத்திலும் பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்றுதான் வகுத்தார்கள். எனவே வரைபடத்தைப் பாருங்கள். எங்கே தோண்ட வேண்டும் என்று அது சொல்லும். ஆனால் கன்றுக்குப் பணம் கொடுப்பதற்கு முன், உங்கள் நிலத்திலேயே இரண்டு மூன்று இடங்களில் ஒரு ஆள் உயரத்துக்குக் குழி வெட்டிப் பாருங்கள். மைத்துனர் இப்போது அங்கே நெல் போட்டிருக்கிறார். என்னிடம் கேட்கவில்லை.