ஆராய்ச்சிசாலையின் சாவி

பொதுஜனங்களின் பணத்தில் வாங்கிய யந்திரத்தைப் பூட்டி வைத்துக்கொள்ள எவருக்கும் உரிமையில்லை. அதே யந்திரத்தைப் பழக்கமில்லாதவன் கையில் விட்டுவிட்டு ஒதுங்கிக் கொள்ளவும் எவருக்கும் உரிமையில்லை. முதல் விஷயத்தைப் பற்றி நம்மவர் அடிக்கடி பேசுகிறார்கள். இரண்டாவதைப் பற்றியோ, எங்கேனும் ஓர் உயிர் போன பிறகு ஒரு வாரம் பேசுகிறார்கள். அப்புறம் மறந்து விடுகிறார்கள்.

ஸர்வகலாசாலைகளில் பொது ஆராய்ச்சிசாலைகள் ஏற்பட்ட காரணம் யாவரும் அறிந்ததே. கோடிக்கணக்கில் விலை பெறும் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பைக் கலாசாலைக்கு ஒன்றாக வாங்கிக் கொடுக்க எந்தச் சர்க்காராலும் ஆகாது. ஆகவேதான் சென்ற நூற்றாண்டின் எழுபதுகளில் மத்திய சர்க்கார் சில பெரிய ஸ்தாபனங்களில் பொதுக் கருவி நிலையங்களை அமைக்கத் தொடங்கிற்று. சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ள நிலையம் அவற்றில் ஒன்று. 2008-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திலும் பம்பாய் ஐ.ஐ.டி.யிலும் உள்ள நுண்மின் ஆராய்ச்சிசாலைகளை வெளிக் கலாசாலையாருக்கும் திறந்துவிடும் திட்டம் ஒன்று வந்தது. எந்த ஊரில் எந்தக் கருவி இருக்கிறது என்று பார்த்து நேரம் கேட்டுப் பெறுவதற்காக, 2020 ஜனவரியில் ஐ-ஸ்டெம் என்ற ஏற்பாடும் துவக்கப்பட்டது. இவற்றை நாம் வரவேற்கிறோம்.

ஆனால் கதவு திறப்பதிலும் இரு விதம் உண்டு. ஆராய வேண்டிய பொருளைப் பொட்டலமாகக் கட்டித் தபாலில் அனுப்பி, கட்டணம் செலுத்தி, வரைபடத்தைத் திரும்பப் பெறுவது ஒரு விதம். அதனால் கட்டுரை எழுதலாம். விஞ்ஞானி உருவாக மாட்டான். யந்திரத்தின் முன் தானே உட்கார்ந்து, அதன் போக்கை அறிந்து, தவறு செய்து, திருத்திக் கொள்பவனுக்கே வித்தை கைகூடும். அப்படி உட்கார வேண்டுமானால் முதலில் பயிற்சி வேண்டும். பயிற்சியைத் தடை என்று எண்ணும் மாணாக்கர் பலர். அது தடையன்று, அதுதான் சாவி.

அபாயம் எப்படிப்பட்டது என்பதைச் சற்றே விவரிப்போம். தம் சொந்த மேஜையில் வேலை செய்பவருக்குத் தாம் வைத்த புட்டியில் என்ன இருக்கிறதென்று தெரியும். பொது ஆராய்ச்சிசாலையில் காலையில் ஒருவர் வைத்துப் போனதை மாலையில் மற்றொருவர் தொடுகிறார். சிலிக்கன் தகடுகளைச் சுத்தம் செய்யக் கந்தகத் திராவகத்தையும் ஹைட்ரஜன் பெராக்ஸைடையும் கலப்பது வழக்கம். அந்தக் கலவை மிஞ்சியதைப் புட்டியிலிட்டு இறுக மூடினால், உள்ளே வாயு பெருகிப் புட்டி வெடிக்கும். அதே கழிவுப் புட்டியில் மற்றொருவர் அறியாமல் அஸிடோனை ஊற்றினாலும் வெடிக்கும். ஹைட்ரோபுளூரிக் அமிலம் இன்னும் வஞ்சகமானது. நீர்த்த நிலையில் மேலே பட்டால் உடனே எரிச்சல் தெரிவதில்லை. சதைக்குள் ஊடுருவி, உடம்பிலுள்ள கால்ஸியத்தைப் பற்றிக்கொண்டு, சில மணி நேரம் கழித்தே வலியைக் காட்டும். கால்ஸியம் குளுக்கோனேட் களிம்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்பதை அமிலத்தைத் தொடுமுன்னரே அறிந்திராதவன் அதைத் தொடலாகாது. திரவ நைட்ரஜன் ஒரு லிட்டர் ஆவியானால் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாகும். சிறிய அறையில் பிராணவாயுவைத் தள்ளிவிட்டு அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மணமோ நிறமோ கிடையாது.

இவை ஏட்டில் எழுதிய பயமுறுத்தல்கள் என்று எண்ண வேண்டாம். கலிபோர்னியா ஸர்வகலாசாலையின் லாஸ் ஏஞ்சலீஸ் கிளையில் 2008 டிசம்பர் 29-ந் தேதி, 23 வயதுள்ள ஆராய்ச்சி உதவியாளர் ஒரு பெண், காற்றுப் பட்டதும் தானே தீப்பற்றும் லித்தியத் திரவம் ஒன்றை ஸிரிஞ்சினால் எடுத்துக் கொண்டிருந்தார். ஸிரிஞ்சின் தண்டு கழன்றது, திரவம் தெறித்தது, தீ மூண்டது. ஆராய்ச்சிசாலை மேலங்கியை அவர் அணிந்திருக்கவில்லை. உடுத்தியிருந்ததோ செயற்கை நூலாலான ஸ்வெட்டர். 2009 ஜனவரி 16-ல் அவர் உயிர் நீத்தார். மேலங்கி அணியாமல் வேலை செய்கிறார்கள் என்று இரண்டு மாதங்களுக்கு முன்பே அந்த ஆராய்ச்சிசாலையைப் பார்வையிட்டவர்கள் குறித்திருந்தார்கள். குறிப்பு எழுதப்பட்டது, குறை நீங்கவில்லை. அவருக்குப் பயிற்சி கொடுத்ததற்கான பதிவும் விசாரணையில் அகப்படவில்லை. விதிக்கப்பட்ட அபராதம் 31,875 டாலர்! பிறகு 2011-ல் மேற்பார்வைப் பேராசிரியர் மீதும் ஸர்வகலாசாலை மீதும் கிரிமினல் வழக்குத் தொடரப்பட்டது. ஸர்வகலாசாலையின் மேலிருந்த குற்றச்சாட்டு 2012-லும், பேராசிரியரின் வழக்கு 2014-லும் ஒப்பந்தங்களின் மூலம் தீர்ந்தன.

2011 ஏப்ரலில் யேல் ஸர்வகலாசாலையின் பட்டறையில் இரவு வேளையில் தனியே கடைசல் யந்திரத்தில் வேலை செய்த ஒரு மாணவியின் தலைமயிர் யந்திரத்தில் சிக்கி அவர் மாண்டார். நிறுத்துவதற்கு ஒரு கை அருகில் இல்லை.

கற்றறிந்தவர்களுக்குப் பயிற்சி எதற்கு என்று கேட்போரும் உளர். டார்ட்மத் கலாசாலையின் காரென் வெட்டர்ஹான் விஷ உலோகங்களை ஆராய்வதில் நிபுணர். 1996 ஆகஸ்டில் டைமெத்தில் பாதரசத்தின் சில துளிகள் அவருடைய ரப்பர் கையுறையின் மேல் விழுந்தன. அந்தக் கையுறையை அத்திரவம் எளிதில் கடந்துவிடும் என்பதை அப்போது அவரும் அறியார். 1997 ஜூனில் அவர் இறந்தார்.

நம் நாட்டுக்கு வருவோம். 2018 டிசம்பர் 5-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் ஆராய்ச்சிசாலை ஒன்றில் வாயு உருளை வெடித்து ஒருவர் இறந்தார், மூவர் படுகாயமுற்றனர். இவர்கள் கழகத்தின் மாணாக்கர் அல்லர். அங்கே வேலை செய்துவந்த ஒரு சிறு கம்பெனியைச் சேர்ந்தவர்கள். பலதரப்பட்டவர்கள் ஒரே கூரையின் கீழ் வேலை செய்யும் இடத்தில், இன்னார் இன்னதில் தேர்ந்தவர், அவரவருக்குப் பொறுப்பாளி இன்னார் என்று தெரிவிக்கும் புத்தகம் ஒன்று வாசலிலேயே இருக்க வேண்டும். அப்படிப்பட்ட கணக்கு அற்றுப்போனால் என்ன ஆகும் என்பதை டெல்லி காட்டிற்று. டெல்லி ஸர்வகலாசாலையின் ரஸாயனப் பகுதியில் 1985 முதல் உபயோகமின்றிக் கிடந்த காமா கதிர் யந்திரத்தை 2010-ல் பழைய சாமானோடு ஏலம் விட்டார்கள். அதனுள்ளிருந்த கோபால்ட் மாயாபுரி இரும்புக் கடைகளுக்குச் சென்றது. உயிரைக் கொடுத்தவர் ஆராய்ச்சியாளரல்லர். பழைய இரும்பைப் பிரித்துப் பிழைத்த ஓர் ஏழைத் தொழிலாளி.

நிற்க. பயிற்சி என்ற பெயரில் நடப்பவை யாவும் பயிற்சியாகா. ஒரு படத்தைப் போட்டுக் காட்டி, பத்துக் கேள்விகளுக்கு விடை குறிக்கச் சொல்லி, கையெழுத்து வாங்கிக் கொள்வது ஸ்தாபனத்தைக் காக்கும், மாணாக்கனைக் காக்காது. நீர்க்குழாய் எங்கே, வாயுவை அடைக்கும் திருகு எங்கே என்று அவனையே நடத்திச் சென்று, கண்ணை மூடிக்கொண்டு வாசலுக்கு வழி காணச் சொல்ல வேண்டும். பழகியவர் பக்கத்தில் நிற்க, அவன் பல தடவை யந்திரத்தை ஓட்ட வேண்டும். அதன் பிறகே தனிக் கையில் விடலாம். இரவில் ஒருவராக எவரும் வேலை செய்யலாகாது என்ற விதிக்கு விலக்கே கூடாது.

மறுபுறம், பயிற்சியைச் சாக்காக வைத்து வெளியூராரை விலக்குவதையும் நாம் கண்டிக்கிறோம். அடுத்த வகுப்பு எப்போது என்று சொல்லாமலே மாதங்களைக் கடத்துவதும், சொந்த மாணாக்கருக்கு ஒரு நாளில் கிடைப்பதைப் பிறருக்கு ஓர் ஆண்டு தாழ்த்துவதும் பூட்டிய கதவே. பயிற்சி நடைபெறும் தேதிகளை ஆண்டின் துவக்கத்திலேயே வெளியிட்டால் இந்தப் புகாருக்கு இடமிராது.

குறை பெரும்பாலும் மனிதரிடத்தில் அன்று, பட்ஜெட்டில் என்பதே நமது அபிப்பிராயம். யந்திரம் வாங்கப் பணம் கிடைக்கிறது. அதை இயக்கவும் கற்பிக்கவும் தெரிந்த தொழில்நுட்ப உத்தியோகஸ்தரை நிரந்தரமாக நியமிக்கப் பணம் கிடைப்பதில்லை. ஒப்பந்தத்தில் வந்தவர் வேலை பிடிபடும் சமயத்தில் போய்விடுகிறார். மேலும், திருநெல்வேலிச் சீமையின் சிறு கலாசாலை ஒன்றிலிருந்து வரும் மாணாக்கி பயிற்சிக்காக ஒரு வாரம் எங்கே தங்குவாள்? அவளுடைய ரயில் சத்தத்தை யார் கொடுப்பது? இந்தத் தொகைகளையும், கையுறை, மேலங்கி, களிம்பு இவற்றின் விலையையும், யந்திரத்தின் விலையோடு சேர்த்து ஒரே மானியத்தில் எழுதும்படி சர்க்காரைக் கேட்கிறோம்.