சூடேறியபின் நின்றுவிடும் பழைய கார்

காலையில் சாவியைத் திருப்பியவுடன் கிளம்பி, சிறிது தூரம் ஒரு குறையுமின்றி ஓடி, எஞ்சின் நன்றாகச் சூடேறியபின் நடுவீதியில் நின்றுவிட்டு, அரைமணி நேரம் ஆறவிட்டால் மறுபடியும் சாதுவாகப் புறப்படுகிற வியாதி, பழைய கார்களுக்கு வருகிற வியாதிகளில் மிகவும் அலைக்கழிப்பது. ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எஞ்சின் ஆறிவிடுகிறது. ஆறிய எஞ்சினில் எதைத் தொட்டுப் பார்த்தாலும் சரியாகவே இருக்கிறது. ஆகவே சந்தேகத்தின் பேரில் இன்றைக்குக் காயில், நாளைக்குக் கண்டென்சர், மறுவாரம் கார்புரேட்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பணம் கரைவதுதான் மிச்சம். காய்ச்சல் அடிக்கும்போதே நாடி பார்க்க வேண்டும் என்கிற நியாயம் இங்கேயும் பொருந்தும்: வண்டி எந்த உஷ்ணத்தில் நிற்கிறதோ அதே உஷ்ணத்தில், நின்ற மறுநிமிஷமே பரீட்சை செய்தாலொழியக் காரணம் அகப்படாது.

நம் நாட்டில் பழைய கார் என்றதும் நினைவுக்கு வருகிற அம்பாசடரையே திருஷ்டாந்தமாக எடுத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியை ஆதாரமாகக் கொண்டு 1957-இல் வங்காளத்து உத்தர்பாராவில் பிறந்து, 2014 வரை உற்பத்தியான அந்த வண்டியில் நெடுங்காலம் இருந்தது 1,489 சிசி பெட்ரோல் எஞ்சின். காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்க ஒரு கார்புரேட்டர், தீப்பொறி உண்டாக்க ஒரு காயிலும் டிஸ்ட்ரிபியூட்டரும், இவற்றுக்கு மேல் கம்ப்யூட்டர் முதலிய சிக்கல் எதுவும் அதில் இல்லை. ஆதலால், குறைந்துபோனது பொறியா பெட்ரோலா என்பதைத் தீர்மானித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

வண்டி எப்படி நின்றது என்பதே முதல் சாட்சி. விளக்கை அணைத்தாற்போல ஒரே க்ஷணத்தில் ஆஃப் ஆகியிருந்தால் பெரும்பாலும் பொறியில் குற்றம். இழுவை குறைந்து, குலுங்கிக் குலுங்கி நின்றிருந்தால் பெரும்பாலும் பெட்ரோலில் குற்றம். இதை உறுதிசெய்ய, எஞ்சின் சூடாக இருக்கும்போதே ஒரு பிளக் ஒயரைக் கழற்றி, உதிரியாக வைத்திருக்கும் நல்ல பிளக்கில் செருகி, பெட்ரோல் சிந்தாத இடமாகப் பார்த்து அதன் இரும்புப் பகுதி எஞ்சினில் நன்றாகப் படியும்படி வைத்துவிட்டு, கையை எடுத்தபின் இன்னொருவரைச் செல்ஃப் எடுக்கச் சொல்ல வேண்டும். நீலநிறப் பொறி ‘சட் சட்’ என்று தெறித்தால் மின்சாரப் பகுதியின் மீது குற்றம் சொல்வதற்கில்லை. மஞ்சளாக மெலிந்தோ அடியோடு இல்லாமலோ போனால் அங்கேதான் தேட வேண்டும்.

நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும்போது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் விநாடிக்கு 100 தடவை திறந்து மூடுகிறது. ஒவ்வொரு தடவையும் பாட்டரியின் 12 வோல்ட்டைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்துகிற அந்த வித்தையில், உஷ்ணத்துக்கு முதலில் பணிந்துபோகிறவை காயிலும் கண்டென்சரும். காயிலுக்குள் நுண்ணிய கம்பிச் சுற்றுகளைப் பிரிக்கும் காப்பு, ஆறியிருக்கும்போது தாங்கினாலும் சூட்டில் தளர்ந்து மின்சாரத்தைக் கசியவிடும். கண்டென்சர் கெட்டாலோ பாயிண்ட் கருகிப் பொறி மெலியும். காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனையில் ஒரு சிறிய டெஸ்ட் லாம்ப்பை வைத்துச் செல்ஃப் எடுத்தால், அது மினுக்கிக்கொண்டே இருக்குமானால் பாயிண்ட் வேலை செய்கிறது, அப்படியும் பொறி இல்லையென்றால் காயில், கண்டென்சர் இரண்டையுமே சந்தேகிக்கலாம். மினுக்காமல் எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்ட் சேரவில்லை, அல்லது உள்ளே ஓடும் சிறு ஒயர் அறுந்திருக்கிறது.

பொறி பழுதில்லையென்றால் பெட்ரோலின் பாதையை ஆராய வேண்டும். இந்த எஞ்சினின் அமைப்பில் ஒரு விசேஷம் உண்டு: காற்று உள்ளே போகும் வழியும் புகை வெளியேறும் வழியும் ஒரே பக்கத்தில் இருப்பதால், கனலும் புகைக்குழாயின் அருகிலேயே கார்புரேட்டர் வாசம் செய்கிறது. பெட்ரோலின் லேசான அம்சங்கள் 40 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதிக்கத் தொடங்கக்கூடியவை. பம்பு உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறைவதால் இன்னும் சீக்கிரத்திலேயே ஆவியாகிவிடும். குழாயில் ஆவி அடைத்துக்கொண்டால் பம்பு வீணாக அடித்துக்கொண்டிருக்குமேயன்றி பெட்ரோல் வராது. இதையே டிரைவர்கள் ஏர்லாக் என்பார்கள். பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றுவது அவர்களுடைய பழைய பரிகாரம். ஈரத்துணி பட்டவுடன் எஞ்சின் உயிர்பெற்றால் அதுவே நோய்க்கு அத்தாட்சி. அப்போது குழாய் சூட்டை உரசிப் போகிறதா, கார்புரேட்டரின் கீழ் இருக்கவேண்டிய வெப்பத் தடுப்பு இருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்வதே நிரந்தரமான சிகிச்சை.

உஷ்ணத்தின் வேஷம் போட்டுக்கொண்டு வருகிற வேறு குற்றங்களும் உண்டு. டாங்க் மூடியின் காற்றுத்துளை அடைபட்டால், பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி ஓட்டம் நிற்கும். மூடியைத் திறந்ததும் ‘புஸ்’ என்று காற்று உள்ளே இழுபட்டு, வண்டியும் கிளம்பிவிட்டால் ரகசியம் வெளிப்பட்டது. டாங்க்கின் துரு குழாய் வாயில் வந்து அடைப்பதும், வண்டி நின்றதும் கீழே படிந்து வழிவிடுவதும் இவ்விதமே ஏமாற்றும். இன்னும், வால்வு இடைவெளி மிகக் குறுகியிருந்தால், சூட்டில் நீளும் வால்வு முழுவதும் மூடாமல் கம்ப்ரெஷன் குறைந்து, சிக்னலில் ஐடிலிங்கில் நிற்கும்போது எஞ்சின் அணைந்துபோகும்.

நம் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் நிலை 2025-இல் வந்துவிட்டது. பழைய ரப்பர்க் குழாய்கள் அதைத் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல. அவை உப்பியும் வெடித்தும் போவது சங்கடம் மட்டுமன்று, தீ அபாயமும் ஆகும். ஆகையால் பழைய கார் வைத்திருப்போர் முதலில் அக்குழாய்களை மாற்றிவிடட்டும். பிறகு ஒரு பிளக்கையும் ஒரு டெஸ்ட் லாம்ப்பையும் எப்போதும் வண்டியில் வைத்துக்கொள்ளட்டும். வண்டி நின்றால் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் சோதித்து, காரணம் பிரத்தியட்சமாகத் தெரிந்தபின் அந்தப் பாகத்தை மட்டும் மாற்றுங்கள்; அதுவரை பர்ஸைத் திறக்க வேண்டாம்.