துருக்கிக் கம்பளத்தில் இருப்பது தாய் தெய்வமா, வெறும் டிசைனா? 9,000 வருடக் கதையின் பின்னணி!

இஸ்தான்புல்லில் கம்பளக் கடைக்குள் நுழைந்தால் முதலில் டீ வரும். அப்புறம் கதை வரும். ‘இது ஆட்டுக்கிடா கொம்பு, வீரத்துக்கு. இது கண், திருஷ்டி படாமல் இருக்க. இது தாய் தெய்வம், 9,000 வருஷப் பழசு’ என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். இதில் எது நிஜம், எது வியாபாரத்துக்காகச் சேர்ந்தது?

கிலிம் என்றால் என்ன?

முடிச்சுப் போட்டு நெய்யும் கம்பளத்தில் இழைகள் புசுபுசுவென்று மேலே நிற்கும். கிலிம் அப்படியில்லை, தட்டையானது. பாவு நூலுக்குள் வண்ண ஊடையைக் கோத்து நெய்வார்கள். துருக்கியின் அனதோலியா கிராமங்களிலும், இடம் பெயர்ந்து வாழ்ந்த குடும்பங்களிலும் பெரும்பாலும் பெண்கள்தான் இதை நெய்தார்கள். வீட்டில் விரிக்க, பொருள் கட்ட, கல்யாணச் சீராகக் கொண்டுபோக எனப் பல உபயோகம்.

எந்த வடிவத்துக்கு என்ன அர்த்தம்?

- எலிபெலிந்தே: எலிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை! துருக்கிய மொழியில் ‘இடுப்பில் கை’ என்று அர்த்தம். பெண்மை, தாய்மையின் அடையாளம்.
- ஆட்டுக்கிடா கொம்பு: ஆண்மை, வலிமை.
- கண்: கண்திருஷ்டிக்குக் காப்பு.
- தேள், ஓநாய் வாய்: தேள் கொட்டாமல், ஆட்டு மந்தையை ஓநாய் தூக்காமல் இருக்க.
- காதணி, பெட்டி: கல்யாண ஆசை. பெட்டி என்பது சீர்ப் பெட்டி.

இந்தப் பட்டியலை அகராதி மாதிரி எடுத்துக்கொள்ள முடியாது. ஒரே வடிவத்துக்குப் பக்கத்துப் பக்கத்து ஊரிலேயே வேறு வேறு பெயர் உண்டு.

தாய் தெய்வம் எங்கிருந்து வந்தது?

1960-களில் துருக்கியின் கொன்யா அருகே சத்தல்ஹூயுக் என்ற கற்கால ஊரைத் தோண்டி உலகப் புகழ் பெற்றவர், பிரிட்டிஷ் தொல்லியலாளர் ஜேம்ஸ் மெல்லார்ட். 1989-ல் வெளியான ஒரு நூலில், அந்த ஊரின் சுவர் ஓவியங்களில் கிலிம் வடிவங்களும் தாய் தெய்வமும் இருந்ததாகச் சொன்னார். ஆதாரமாக அவர் காட்டியது கையால் வரைந்த படங்கள் மட்டுமே. போட்டோ கிடையாது.

நெசவு தெரிந்த ஆய்வாளர்கள் அப்போதே சந்தேகப்பட்டார்கள். ஆனால் கம்பளச் சந்தைக்குக் கதை பிடித்துவிட்டது. மெல்லார்ட் 2012-ல் இறந்தார். 2018-ல் அவருடைய லண்டன் வீட்டில் இருந்தவற்றை ஆராய்ந்த எபர்ஹார்ட் சாங்கர், அந்தச் ‘சுவர் ஓவியங்கள்’ சிலவற்றுக்கான ஒத்திகை வரைவுகள் அங்கேயே கிடைத்ததாக அறிவித்தார். அதாவது, அவை மெல்லார்ட்டே உருவாக்கியவை!

அப்போ வடிவம் எப்படி வந்தது?

பாதி பதில் தறியிலேயே இருக்கிறது. கிலிமில் இரண்டு நிறங்கள் சந்திக்கும் இடத்தில் இரண்டு ஊடையும் தத்தம் பக்கம் திரும்பிவிடும். நடுவில் சின்ன இடைவெளி விழும். நேர்கோடாக மேலே போனால் அது நீளக் கிழிசல் மாதிரி ஆகி, விரிப்பு பலவீனமாகும். அதனால்தான் சாய்கோடு, படிக்கட்டு, முக்கோணம், கொக்கி. எலிபெலிந்தேயின் ‘இடுப்பும் கையும்’ இந்தக் கணக்குக்குள் அடங்கும் வடிவம்தான்.

அர்த்தமே இல்லையா?

அப்படியும் இல்லை. அர்த்தத்துக்கு வயது தேவையில்லை, அவ்வளவுதான். 1979-ல் சோவியத் படை நுழைந்த பிறகு, ஆப்கானிஸ்தானில் பூக்கள் இருந்த இடத்தில் டாங்கியும் ஹெலிகாப்டரும் நெய்யப்பட்டன. அதற்கு யாரும் 9,000 வருடக் கதை சொல்லவில்லை. பார்த்ததை நெய்தார்கள். வாங்க ஆள் வந்ததும் இன்னும் நெய்தார்கள்.

தாய் தெய்வக் கதையில் காணாமல் போனது, தறியில் உட்கார்ந்திருந்த நிஜப் பெண்தான். அடுத்த முறை யாராவது ‘இதன் அர்த்தம் என்ன தெரியுமா?’ என்று ஆரம்பித்தால், இரண்டே கேள்வி போதும்: இது எந்த ஊரில் நெய்தது? நெய்தவங்க இதை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க?