கொடி நிரப்பிய தீவு

ஒவ்வொரு நாட்டையும் அதன் தேசியக் கொடியால் நிரப்பிக் காட்டும் வரைபடங்களை எமது பிள்ளைகள் கணினித் திரையில் அடிக்கடி காண்கிறார்கள். சிலர் தாமே நிரல் எழுதி அவற்றை ஆக்கவும் கற்றுவிட்டார்கள். பார்வைக்கு இது வெறும் வண்ண வேலைதான். ஆயினும் அதற்குள் நாம் கவனிக்க வேண்டிய செய்தியொன்று உண்டு.

செய்முறை எளியது. நாட்டின் எல்லை, நெடுங்கோடும் அகலக்கோடும் குறிக்கும் எண்களின் நீண்ட வரிசையாகக் கோப்பில் இருக்கும். எஸ்.வி.ஜி. எனும் வரைமொழியில் அவ்வெண்களைத் தொடுத்தால் நாட்டின் உருவம் கோடாகத் தோன்றும். அக்கோட்டை வெட்டும் எல்லையாக வைத்துக் கொடியின் படத்தை இட்டால், வெளியே உள்ளது மறைந்து உள்ளே உள்ளது மட்டும் எஞ்சும்.

ஆனால் கொடி நீள்சதுரம், நாடு அப்படியல்ல. நாம் வாழும் இத்தாலியையே பாருங்கள். மூவர்ணத்தை நாடு முழுவதற்கும் இழுத்து விரித்தால் சார்டினியா முழுவதும் பச்சைக்குள் அடங்கும். பலெர்மோ வெள்ளையில் விழும். அதே சிசிலியின் கத்தானியா சிவப்பில் விழும். இதனால் எவர் மனமும் நோவதில்லை.

இலங்கைத் தீவின் கதை வேறு. அதன் நீளம் ஏறத்தாழ 435 கிலோமீற்றர். அகலம் சுமார் 225. கொடியோ உயரத்தைப் போல் இருமடங்கு அகலமானது. தமிழருக்குச் செம்மஞ்சளும் முஸ்லிம்களுக்குப் பச்சையும் என்று கூறி, 1951 இல் ஏற்கப்பட்ட அக்கொடியில் இரு பட்டைகளைச் சிங்கத்தின் கட்டத்துக்கு வெளியே, இடது பக்கத்தில் வைத்தார்கள். கொடிக் குழுவில் இருந்த செனட்டர் எஸ். நடேசன் அதற்கு உடன்படவில்லை.

நிரலுக்கு இங்கே மூன்று வழிகள் உண்டு. எதுவும் சொல்லாது விட்டால், கொடி முழுமையாகத் தீவின் நடுவில் மட்டும் நிற்கும், யாழ்ப்பாணம் வெறுமையாகும். உருவம் சிதையாமல் தீவை நிரப்பச் சொன்னால், கொடியின் நடுப்பகுதி மட்டுமே தெரியும். சிங்கம் இருக்கும், இரு பட்டைகளும் கடலோடு வெட்டுண்டு போகும். இழுத்து விரிக்கச் சொன்னால், பட்டைகள் மேற்குக் கரையோரம் ஒடுங்கும். திருகோணமலை சிங்கத்தின் கட்டத்துக்குள் அகப்படும். எந்த வழியிலும் அவ்வண்ணங்கள் அவற்றுக்குரிய மக்களின் மண்ணைச் சரியாய்ச் சென்றடைவதில்லை. கொடியில் ஓரமாய் வைக்கப்பட்டது, வரைபடத்திலும் ஓரமாகிறது.

1154 இல் இதே பலெர்மோவில், மன்னன் இரண்டாம் ரொஜருக்காக அல் இத்ரீசி தமது உலகப் படத்தை நிறைவு செய்தார். சரந்தீப் என்ற பெயரில் எமது தீவும் அதில் உண்டு. தெற்கை மேலே வைத்து வரையப்பட்ட படம் அது. எது மேலே, எது கீழே என்பதை அன்றும் வரைபவரே தீர்மானித்தார்.

கணினி தானாகவே செய்தது என்று பிள்ளைகள் கூறக்கூடும். கணினி தானாக எதையும் வெட்டுவதில்லை. எது எஞ்சியது என்று பார்ப்பதோடு நில்லாமல், எது வெட்டப்பட்டது என்றும் கேட்க அவர்களைப் பழக்குவோம். நாடிழந்து வந்த நாம் அவர்களுக்குக் கற்பிக்கக்கூடிய புவியியல் பாடம் அதுவே.