முருங்கைக்காய் நாரும் புளியமரக் கிளையும்

முற்றிய முருங்கைக்காய் ஒன்றை அரிவாள்மனையில் முக்கால்வாசி அறுத்து, மீதியை ஒடித்துக் கீழே இழுத்துப் பாருங்கள். துண்டு தனியாக வராது. அடித்தோல் நாராகக் கிழிந்து, காயின் நீளத்துக்கும் உரிந்துகொண்டே வரும். சாம்பாருக்கு நார் எடுக்கத் தினமும் செய்கிற வேலைதான். ஓட்டுக் கூரைமேல் நீண்டிருக்கும் புளியங்கிளையை மேலிருந்து ஒரே வெட்டாக வெட்டும்போது நடப்பதும் இதுவே. பாதி அறுபட்டதும் கிளை தன் பாரத்தால் மடங்கும். அடிப்பட்டை தண்டையும் சேர்த்துக் கிழித்துக்கொண்டு இறங்கும்.

மரத்தின் நார்கள் நீளவாக்கில் ஓடுகின்றன. அவற்றை இழுத்து அறுப்பது கடினம். ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிப்பது எளிது. எந்த நாரை முதலில் அறுப்பது, எதைக் கடைசிவரை விட்டுவைப்பது என்று தெரிந்தவர்தான் மரம் வெட்டத் தெரிந்தவர்.

எது ஆபத்தான மரம்?

விழுந்தால் யார்மேல் விழும் என்பதே முதல் கேள்வி. ஆள் நடமாட்டமில்லாத வயல் மூலையில் பொந்து விழுந்த கிழட்டு மரம் நின்றால் நிற்கட்டும். ஆந்தைக்கும் கிளிக்கும் அது வீடு. அதே மரம் மாட்டுக்கொட்டகைக்கோ பள்ளி செல்லும் பாதைக்கோ அருகில் நின்றால் உடனே கவனிக்க வேண்டும்.

தூரில் மண் வெடித்திருக்கிறதா, ஒரு பக்கம் மேலெழும்பியிருக்கிறதா? மரம் புதிதாகச் சாய்ந்திருக்கிறதா? தூரில் காளான் முளைத்திருக்கிறதா? இரண்டு கிளைகள் குறுகலாகப் பிரியும் கவட்டையில் விரிசல் ஓடுகிறதா? தென்னையின் அடித்தண்டில் செம்பழுப்பு நிறத்தில் சாறு வடிந்தால் அது தஞ்சாவூர் வாடல் நோயாக இருக்கலாம். அந்த நோய் வேரையும் அடித்தண்டையும் அழுகவைத்துவிடும். தண்டைத் தட்டும்போது வெற்றொலி கேட்டால் உள்ளே பொந்து உண்டு. பொந்து இருந்தாலே மரம் விழுந்துவிடாது. சுற்றியுள்ள நல்ல மரத்தின் கனம், தண்டின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போகும்போதுதான் அபாயம் கூடுகிறது.

கிளைக்கு மூன்று வெட்டு

முதல் வெட்டு கிளையின் அடிப்பக்கத்தில். தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி, கிளையின் கனத்தில் கால் பங்கு ஆழத்துக்கு அறுக்க வேண்டும். கிழிசல் ஓடவேண்டிய நார் இங்கே முன்கூட்டியே துண்டிக்கப்படுகிறது. முருங்கைக்காயின் அடித்தோலை முதலில் கீறிவிட்டுப் பிறகு ஒடித்தால் உரியாமல் வருவது இதனால்தான்.

இரண்டாவது வெட்டு மேலிருந்து, முதல் வெட்டுக்குச் சற்று வெளியே. கிளை இங்கே முறிந்து விழும். கிழிசல் முதல் வெட்டோடு நின்றுவிடும். கீழே கூரை இருந்தால், அறுக்கும் முன்பே கிளையைக் கயிற்றால் கட்டி மெதுவாக இறக்க வேண்டும்.

மூன்றாவது வெட்டு மீதமுள்ள கட்டைக்கு. கிளை புறப்படும் இடத்தில் வளையம் போலத் தோன்றும் புடைப்பைத் தொடாமல், அதற்கு வெளியே அறுக்க வேண்டும். அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்து ஆராய்ந்து, மரம் காயத்தைச் சுற்றித் தடுப்புகள் எழுப்பி அழுகலை அடைத்துவைக்கிறது என்று காட்டினார். அந்தத் தற்காப்பு அமைந்திருப்பது இந்தப் புடைப்பில். தண்டோடு ஒட்டச் சீவினால் அது போய்விடும். கட்டையை நீளமாக விட்டால் அது செத்து அழுகும். தாரோ பெயின்டோ பூசினாலும் அழுகல் நிற்காது.

உச்சியை மொட்டையடிப்பதும் வேண்டாம். அங்கே கொத்தாகத் துளிர்க்கும் போத்துகள் மேல்தோலில்தான் பற்றியிருக்கும். பெருத்தபின் அவையே காற்றில் முறியும்.

முழு மரத்தைச் சாய்க்கும்போது

விழவேண்டிய பக்கத்தில், தண்டின் விட்டத்தில் கால் பங்கு ஆழத்துக்கு ஒரு வாய் வெட்டுகிறார்கள். பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து ரம்பம் வருகிறது. அது வாய்வெட்டைத் தொட்டுவிடக் கூடாது. விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அகலத்துக்கு நார்ப்பட்டையை அறுக்காமல் விடவேண்டும். அந்த நார்தான் மரத்தைப் பிடித்துக்கொண்டு குறித்த திசையில் மடக்கி இறக்குகிறது. முழுக்க அறுத்துவிட்டால் மரம் எந்தப் பக்கமும் திரும்பும். நன்றாகச் சாய்ந்து நிற்கும் மரமோ, பின்வெட்டு பாதியில் இருக்கும்போதே நீளவாக்கில் பிளந்து, அறுப்பவர்மேல் எகிறி அடிக்கலாம். அதைத் தேர்ந்த ஆளிடமே விட வேண்டும்.

மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேறு யாரும் நிற்கக் கூடாது. அறுப்பவர் பின்பக்கமாகக் குறுக்கே விலகிப் போக, வழியை முன்பே துப்புரவாக்கி வைத்திருக்க வேண்டும்.

புயலில் விழுந்த மரம்

2018 நவம்பரில் கஜா புயல் கரை கடந்தபின் டெல்டா கிராமங்களில் மரங்கள் பாதைகளையும் வீடுகளையும் மறித்துக் கிடந்தன. விழுந்த மரம்தானே என்று நெருங்கக் கூடாது. முருங்கைக்காயை வளைத்துப் பிடித்தால் வெளிப்பக்கத் தோல் விறைக்கும், உள்பக்கம் நசுங்கும். வளைந்து கிடக்கும் தண்டிலும் அப்படியே. நசுங்கும் பக்கம் ஆழமாக அறுத்தால் ரம்பம் சிக்கிக்கொள்ளும்; விறைத்த பக்கத்தை ஒரேயடியாக அறுத்தால் தண்டு துள்ளி அடிக்கும். ஆகவே நசுங்கிய பக்கத்தில் சிறிது அறுத்துவிட்டு, பிறகு விறைத்த பக்கத்தை மெல்ல அறுக்கிறார்கள். தண்டு துண்டானதும், மண்ணோடு பெயர்ந்து நிற்கும் வேர்த்தட்டு மீண்டும் குழிக்குள் சட்டென்று விழக்கூடும். அந்தக் குழிப்பக்கம் குழந்தைகளை விடவே கூடாது.

மின்கம்பியை ஒட்டிய கிளையென்றால், மின்வாரியத்தார் மின்சாரத்தை நிறுத்தும்வரை அரிவாளை எடுக்காதீர்கள். புறம்போக்கு மரத்துக்கும், சந்தன மரத்துக்கும், மலைப்பகுதி மரங்களுக்கும் முன் அனுமதி வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் முதலில் கேளுங்கள்.

ஆடிக்காற்றுக்கும் ஐப்பசி மழைக்கும் முன்பே ஆள் பேசிவிடுங்கள். பேசும்போது, ஒரு கிளைக்கு மூன்று வெட்டு என்றும், கயிறும் உதவி ஆளும் கட்டாயம் என்றும் சொல்லி, அதற்கான நேரத்தைக் கூலியில் சேர்த்துக் கொடுங்கள். ஒரே வெட்டுக்குப் பேரம் பேசி மிச்சப்படுத்தும் பணத்துக்கு, மரமேறுகிறவரின் உயிரைப் பணயம் வைக்க நமக்கு உரிமை இல்லை.